பின்னறையில் பதில் சொன்னவன்

அன்று சாயங்காலம் அப்பா கூப்பிட்டபோது, அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே பதில் போய்விட்டது.

"யாருடா அங்க?"

"நான்தான்பா. இங்கதான் இருக்கேன்."

வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே ஒரு கம்பெனிக்கு வாடிக்கையாளர் அழைப்புகளை எடுப்பது அவன் வேலை; தலையில் ஹெட்செட் இருந்தது. மறுமுனையில் ஒரு பெண்மணி, தன் வாஷிங் மெஷின் துணிகளைத் துவைப்பதற்குப் பதிலாக அவற்றோடு சண்டை போடுகிறது என்று புகார் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவுக்குப் பதில் சொல்வதற்காக மியூட் பொத்தானை நோக்கி அவன் விரல் கிளம்பியிருந்தது. பொத்தானை அழுத்துவது, கழுத்தைத் திருப்புவது, பின்னறைப் பக்கமாகக் குரல் கொடுப்பது, மறுபடி பொத்தானை அழுத்துவது. இதுதான் வழக்கம். விரல் பாதி வழியில் நின்றது. பின்னறையில், படுக்கைப்புண்ணுக்காக அப்பாவுக்குப் போட்டிருந்த காற்று மெத்தையின் மோட்டார் மட்டும் ம்ம்ம் என்று ஓடிக்கொண்டிருந்தது. அப்பா இரண்டாவது முறை கூப்பிடவில்லை.

லைனில் இருக்கிறீர்களா என்று பெண்மணி கேட்டார். இருக்கிறேன் என்றான். பொய் இல்லை, பாதி உண்மை.

களைப்பு என்று வைத்துக்கொண்டான். ஒரு நாளில் கணக்கில்லாமல் சொல்கிற வாக்கியம். மூளையிடம் அனுமதி கேட்காமல் நாக்கே சொல்லியிருக்கும். பல் தேய்த்தோமா இல்லையா என்று பாதி நாள் சந்தேகம் வருவதில்லையா, அந்த மாதிரி. ஆனால் ஒன்று மட்டும் நெருடியது. குரல் அவனிடமிருந்து பின்னறைக்குப் போன மாதிரி இல்லை. பின்னறையிலிருந்து அவனிடம் வந்த மாதிரி இருந்தது.

அப்பா பேருந்து நடத்துநராக இருந்தவர். வாழ்நாள் முழுக்க மற்றவர்களை 'உள்ள போங்க, உள்ள போங்க' என்று விரட்டியவர், கடைசியில் தானே ஒரு கட்டிலுக்குள் போய்விட்டார். மறதி வந்த பிறகு, அவர் தலைக்குள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது இறங்கிக்கொண்டே இருந்தார்கள். முதலில் தேதிகள் இறங்கின. பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள். அம்மா இறந்துபோன விஷயம் ஒரு நாள் சத்தமில்லாமல் இறங்கிப் போயிற்று. அன்றிலிருந்து அம்மா கடைக்குப் போயிருந்தாள். போன மழைக்காலத்தில் கால்களும் இறங்கிவிட்டன. அதற்குப் பிறகு அவர் எழுந்து நின்றதில்லை.

பகல் பொழுதைச் சமாளித்துவிடுவார். வெளிச்சம் மஞ்சளாகி, பின்னறை ஜன்னலுக்கு எதிரே இருக்கும் அடுத்த கட்டடத்தின் சுவர் மெல்லச் சாம்பல் நிறமாக மாறும்போதுதான் ஆரம்பிக்கும். விரல்கள் போர்வையைப் பிசையும். கண்கள் கதவுக்கும் ஜன்னலுக்குமாக ஓடும். கடைசி வண்டி போய்விடும், வீட்டுக்குப் போகணும் என்பார். அவர் படுத்திருப்பதே அவர் வீடு, பத்திரம் பீரோவில் இருக்கிறது என்று அவன் ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தான். பத்திரத்தை எடுத்துக் காட்டியும் பார்த்தான். அப்பா அதை வாங்கி, முன்னும் பின்னும் புரட்டி, இது போன மாச பாஸ், செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவனுக்கு மந்திரி என்று பெயர் வைத்ததும் அப்பாதான். வீட்டுப்பாடம் முடிந்ததா என்றால் 'பாத்துக்கலாம்பா', கொடியில் துணி நனைகிறது என்றால் 'ஏற்பாடு பண்ணிடலாம்பா' என்று சின்ன வயதிலிருந்தே பதில் சொல்லிப் பழகியதால் கிடைத்த பதவி. தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் பதவி பறிபோகவில்லை. மற்ற எல்லாப் பெயர்களும் இறங்கிப் போன வண்டியில், மந்திரி என்ற ஒரே பெயர் மட்டும் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தது. அது எப்போது இறங்கும் என்பதுதான் அவனுடைய பயம். ஒரு நாள் காலையில் அப்பா கண்ணைத் திறந்து, அவனைப் பார்த்து, யார் நீங்க என்று கேட்பார். அந்தக் காலையை எவ்வளவு முடியுமோ அவ்வளவு தள்ளிப்போட வேண்டும். அதைத் தவிர அவனுக்கு வாழ்க்கையில் வேறு லட்சியம் எதுவும் மிச்சமில்லை.

முதுகுப் புண்ணுக்கு மருந்து வைக்க வரும் நர்ஸ்தான் அவனுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தார். நடுத்தர வயது, கறாரான கை, அதைவிடக் கறாரான வாய். அவன் சிஸ்டர் என்று கூப்பிடுவான். ஞாபகம் இருக்கிறதா என்று கேட்காதே, அது பரீட்சை. அப்படி இல்லை என்று மறுக்காதே, அது சண்டை என்றார் சிஸ்டர். அப்பாவின் கண் மட்டத்துக்கு உட்கார வேண்டும். கையைப் பிடிக்க வேண்டும். வீட்டுக்குப் போகணும் என்றால், வீட்டு நினைப்பு ரொம்ப வருகிறதா என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு, அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். போகலாம் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடக் கூடாது.

புறப்படும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்.

"முக்கியமா, முகம் காட்டாம குரல் குடுக்காதீங்க. கூப்பிட்டா எதிர்ல போய் நில்லுங்க. குரல் தனி, ஆள் தனின்னு அவர் மனசுல ஒருதடவை பிரிஞ்சுடுச்சுன்னா, அப்புறம் ஒட்டவைக்க முடியாது."

அவனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. ஏறக்குறைய இதே பாடத்தைத்தான் அவன் கம்பெனியும் பயிற்சி வகுப்பில் நடத்தி, கையில் ஒரு சான்றிதழும் கொடுத்திருந்தது. வாடிக்கையாளரை மறுக்காதே. அவருடைய கோபத்துக்குப் பெயர் சொல். 'உங்க சிரமம் எனக்குப் புரியுதுங்க' என்று தொடங்கு. மெக்கானிக் எப்போது வருவார் என்று வாக்குக் கொடுத்துவிடாதே. வாஷிங் மெஷினுக்கும் அப்பாவுக்கும் ஒரே பாடத்திட்டம். அப்பாவுக்கு வாரண்டி முடிந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் எழுந்து போனான். கட்டிலருகே இருக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து, தைலமும் பவுடரும் அவற்றுக்கு அடியில் வேறொன்றும் மணக்கும் அந்த அறையில், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் போகும்வரை இருந்தான். அப்பாவின் கட்டைவிரல் அவன் உள்ளங்கையில் டிக்கெட் கிழிக்கும். கொஞ்ச நேரத்தில் கிழிப்பது நிற்கும். "மந்திரி வந்துட்டான்ல, போதும்" என்று கண்ணை மூடிக்கொள்வார். அந்த நாட்களில் அவன் தன்னை ஒரு நல்ல பிள்ளை என்றுகூட நினைத்துக்கொண்டான்.

பிறகு கம்பெனி அவனை மாலை ஷிஃப்டுக்கு மாற்றியது. வாஷிங் மெஷின்களும் அப்பாவைப் போலவே பொழுது சாயும்போதுதான் அதிகம் கலங்கும் போலிருக்கிறது. அழைப்புகள் மேல் அழைப்புகள். இருக்கையை விட்டு எழுந்தால் திரையில் சிவப்புப் புள்ளி எரியும். எனவே அவன் கூடத்திலிருந்தே குரல் கொடுக்கத் தொடங்கினான். நான்தான்பா. இங்கதான் இருக்கேன். அது வேலை செய்தது. எழுந்து போனால் கிடைக்கிற அதே அமைதி, எழுந்து போகாமலே கிடைத்தது. கற்றுக்கொடுத்தபடி செய்யவில்லை என்ற உறுத்தல் கொஞ்ச நாள் இருந்தது. பிறகு அதுவும் இறங்கிவிட்டது.

முதல் பதில் தானாகப் போன மறுநாள், அவன் வேண்டுமென்றே காத்திருந்தான்.

வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. மாடிப்படியில் யாரோ பால் பாக்கெட்டுகளோடு ஏறிப்போகும் சத்தம், குழாயில் காற்று முட்டித் திணறும் சத்தம், மேல்தளத்தில் ஒரு நாற்காலியை இழுக்கும் சத்தம், எல்லாம் ஒவ்வொன்றாக அடங்கி, மோட்டாரின் ம்ம்ம் மட்டும் மிஞ்சியது. அப்பா இருமினார். போர்வை சரசரத்தது. "யாருடா அங்க?" அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். அப்படிக் கடித்துக்கொண்டிருக்கும்போதே, சுவருக்கு அந்தப் பக்கம், "நான்தான்பா" என்றது அவன் குரல்.

எழுந்து போயிருக்க வேண்டும். அதற்குப் பிறகு பல தடவை அவன் மனதுக்குள் அந்த இடத்துக்குத் திரும்பி வந்து நின்றிருக்கிறான்; எழுந்து போயிருக்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் திரையில் ஓர் அழைப்பு மினுக்கியது. அவன் அழைப்பை எடுத்து, உங்க சிரமம் எனக்குப் புரியுதுங்க என்றான். இதை யாரிடமும் சொல்ல முடியாது. பயந்ததைச் சொல்லலாம். பயத்துக்குக் கீழே லேசாக ஒரு நிம்மதி இருந்ததே, அதைச் சொல்ல முடியாது.

நாட்கள் போகப் போக அந்தக் குரலுக்குப் பேச்சு நீண்டது. முதலில் பதில் மட்டும்தான் சொன்னது. பிறகு கேள்வி கேட்டது. வீட்டு நினைப்பு ரொம்ப வருதாப்பா என்று கேட்டது. கேட்டுவிட்டு, அவனுக்கு என்றைக்கும் கைவராத ஒன்றைச் செய்தது: சும்மா இருந்தது. அந்த மௌனத்துக்குள் அப்பா மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தார். மழையில் நின்றுபோன வண்டி, டிரைவரோடு பகிர்ந்துகொண்ட சாப்பாட்டு டப்பா, பின்பக்கப் படியில் தொங்கிக்கொண்டே வந்து அம்மாவைப் பார்த்து அசடு வழிந்தது. அவன் கேட்டே இராத கதைகள். கூடத்தில் உட்கார்ந்து, ஒரு காதில் வாஷிங் மெஷின்களும் மறு காதில் தன் அப்பாவுமாக, தனக்குச் சொல்லப்படாத தன் வீட்டுக் கதைகளைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஒருமுறை அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு தொலைந்துபோய் எவ்வளவு காலமாயிற்று என்பதே அவனுக்கு அதைக் கேட்டபோதுதான் உறைத்தது.

சிஸ்டர் அடுத்த முறை வந்தபோது புண் ஆறத் தொடங்கியிருந்தது. அப்பாவின் கன்னத்தைத் தட்டிவிட்டு அவனிடம் திரும்பி, தினமும் சாயங்காலம் பையன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதாக அப்பாவே சொன்னார் என்றார். சொன்னதைக் கேட்டு நடக்கிற ஆளைப் பார்த்து ரொம்ப நாளாகிறதாம்.

"ஏதோ, முடிஞ்சதைப் பண்றேன் சிஸ்டர்" என்றான்.

மந்திரி பதவிக்குத் தகுந்த பதில்தான்.

அதற்குப் பிந்தைய ஒரு காலையில், அப்பாவுக்கு ஓட்ஸ் ஊட்டிக்கொண்டிருந்தான். அப்பா அவனையே பார்த்தார். கண்களில் கலக்கம் இல்லை. தெளிவாக, மரியாதையாகப் பார்த்தார். முன்பின் தெரியாத பயணியிடம் சில்லறை இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை.

"நீங்க சிஸ்டர்கூட வர்ற தம்பிதானே?"

கரண்டி நடுவில் நின்றது. "அப்பா, நான்தான். மந்திரி."

அப்பா சங்கடப்பட்டார். எதிரில் இருப்பவரின் மனது நோகாமல் ஒரு தவறைத் திருத்துவது எப்படி என்று யோசித்தார். "மந்திரி சாயங்காலம் வருவான் தம்பி. பகல்ல அவனுக்கு வேலை." கொஞ்சம் விட்டு, ஆறுதலாக, "நீங்களும் நல்லாதான் பாத்துக்கறீங்க. குறை ஒண்ணும் இல்ல" என்றார்.

அவன் பாத்திரத்தைக் கழுவ எடுத்துப் போனான். குழாயைத் திறந்து, தண்ணீர் சத்தத்துக்குள் நின்று அழுதான். பெயர் இன்னும் இறங்கவில்லை. அப்பா பெயரைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். அதில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

கடல் தாண்டி இருக்கும் அக்கா அன்று சாயங்காலம் ஃபோன் செய்தாள். அவன் கூடத்தில், இடைவேளைப் பொத்தானை அழுத்திவிட்டு, ஃபோனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். எப்படி இருக்கிறார் என்று அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பின்னறையில் பேச்சு தொடங்கிவிட்டது. சுவர் வழியாக வார்த்தைகள் தெளிவில்லாமல், ஆனால் குரல் தெளிவாக, ஏற்ற இறக்கம் எல்லாம் அப்படியே. அக்கா பேசுவதை நிறுத்தினாள். அவள் கேட்டுக்கொண்டிருப்பது மூச்சிலிருந்து தெரிந்தது.

"எவ்ளோ பொறுமையா பேசறடா" என்றாள், குரல் கம்ம. "நான் பாட்டுக்கு உன்னைத் திட்டிட்டே இருந்தேன். நீ நிறுத்தாத, பேசு. நான் சும்மா கேட்டுட்டு இருக்கேன்."

அவன் வாய் மூடியிருந்தது. அவன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. பின்னறையில் அவன் குரல் அப்பாவிடம் ஏதோ கேட்டது. அப்பா ம் கொட்டினார்.

"அக்கா" என்றான் மெதுவாக. "நான் பேசல."

ஃபோனில் கடல் தாண்டிய இரைச்சல். இரண்டு குரல்களும் ஒரே நேரத்தில் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"அப்ப உள்ள யாருடா?"

ஃபோனை மேசையில் வைத்துவிட்டு எழுந்தான். கூடத்திலிருந்து பின்னறைக்கு ஒரு சின்ன நடைவழி. துணி காயப்போடும் கம்பி, கழிவறைக் கதவு, அவ்வளவுதான். அந்த இடத்தில் எப்போதும் வெளிச்சம் முதலில் சாகும். சுவரைத் தடவிக்கொண்டே போனான். தைல வாசனை வந்தது. அதோடு, அவன் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனை. ஹெட்செட் அழுத்தி வியர்த்த காதின் வாசனை. அவன் வாசனை. அவனுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

கதவு திறந்திருந்தது. பேச்சு நின்றது.

அப்பா ஒருக்களித்துப் படுத்திருந்தார். முகம் ஸ்டூலைப் பார்த்திருந்தது. ஸ்டூலில் யாரும் இல்லை. அப்பாவின் வலது கை கட்டிலுக்கு வெளியே, அந்தரத்தில், கீழே விழாமல் நின்றுகொண்டிருந்தது. எதையோ பற்றியிருக்கும் கை. புறங்கையின் மெல்லிய தோல் சில இடங்களில் உள்ளே அமுங்கியிருந்தது. இதமாக, அளவாக, நான்கு விரல்கள் பிடித்தால் எப்படி அமுங்குமோ அப்படி. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழிகள் ஒவ்வொன்றாக மேலெழும்பி நிறைந்தன. கை மெல்லக் கீழே இறங்கிப் போர்வைமேல் படுத்தது. விழவில்லை. யாரோ வைத்தார்கள்.

அப்பா திரும்பினார். வாசலில் இவனைக் கண்டதும் அவர் முகத்திலிருந்த நிம்மதி, விளக்கை அணைத்த மாதிரிப் போயிற்று.

அவன் ஃபோனை எடுத்தபோது அக்கா வைத்துவிட்டிருந்தாள். அப்புறம் அவன் அழைத்தும் அவள் எடுக்கவே இல்லை.

மறுநாள் லீவு கேட்டான். சூப்பர்வைசர், உங்க சிரமம் எனக்குப் புரியுது என்று தொடங்கினார். அந்த வாக்கியம் மறுமுனையில் எப்படிக் கேட்கும் என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. கணினியை அணைத்தான். வெயில் இருக்கும்போதே பின்னறைக்குப் போய், ஸ்டூலைத் துணியால் துடைத்து, அதில் உட்கார்ந்துகொண்டான். இன்றைக்கு இந்த இடத்தை யாருக்கும் விடுவதில்லை. பொழுது சாயும்போது அப்பா பார்க்கிற முகமும் கேட்கிற குரலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே ஒரு சாயங்காலம் அப்படிப் போய்விட்டால் போதும், ஒட்டிக்கொண்டுவிடும்.

எதிர்ச் சுவர் மஞ்சளாயிற்று. அப்பா தூங்கினார். மோட்டார் ஓடியது. மெத்தையின் காற்றறைகள் மாறி மாறி உப்பி வடிவது, கட்டிலுக்கு அடியில் ஏதோ மூச்சு விடுவதுபோல் இருந்தது. எதிர்ச் சுவர் சாம்பலாயிற்று. அறையின் மூலைகள் முதலில் கரைந்தன. பிறகு அலமாரி. மருந்துப் புட்டிகள் தனித்தனியாக இருந்தவை ஒரே இருட்டுக் கட்டியாயின. விளக்கைப் போடலாம் என்று எழப் பார்த்தான். எழுந்தால் ஸ்டூல் காலியாகும். எழவில்லை.

அப்பா கண் விழித்தார். விரல்கள் போர்வையைப் பிசைந்தன.

"யாரு?"

"நான்தான்பா."

கண் மட்டத்துக்குக் குனிந்தான். கையைப் பிடித்தான். வீட்டு நினைப்பு வருகிறதா என்று கேட்டான். கேட்டுவிட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தான். எல்லாம் சரியாகச் செய்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றுவிடாமல் சரியாகச் செய்தான்.

அப்பா அவன் உதட்டையே பார்த்தார். பிறகு, மெதுவாக, கையை உருவிக்கொண்டார்.

"இது என் பையன் குரல்."

"ஆமாம்பா."

"எங்கேருந்து எடுத்தீங்க?"

அவன் மறுபடி கையை நீட்டினான்.

"குடுத்துடுங்க தம்பி" என்றார் அப்பா. கோபமில்லை. கெஞ்சினார். கண்களின் ஓரத்திலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. "அவன் பேசித்தான் பிழைக்கிறான். பாவம், பேச்சை விட்டா அவனுக்கு வேற ஒண்ணும் தெரியாது. குடுத்துடுங்க."

அப்பா, நான்தான்பா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. மறுக்கக் கூடாது. அவர் தோளைப் பிடித்து உலுக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. மறுக்கக் கூடாது. அவன் ஒவ்வொரு சொல் பேசும்போதும் அப்பா சுவரோடு சுவராக ஒதுங்கினார்.

"அவன் வர்ற நேரம். வந்தா உக்கார இடம் வேணும்" என்றார். "கொஞ்சம் எழுந்துக்கறீங்களா?"

எழுந்தான். வேறென்ன செய்வது. அவர் பயப்படாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதானே. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று வாசலைத் தாண்டி ஓரடி வைத்தான். ஒரே ஓரடி.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வேகமாக இல்லை. தூங்குகிறவர் எழுந்துவிடப் போகிறாரே என்று சாத்துகிற மாதிரி.

தள்ளினான். அசையவில்லை. உள்தாழ்ப்பாள் இல்லாத கதவு அது. அப்பா உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அவனே கழற்றிப் போட்டிருந்தான்.

உள்ளே ஸ்டூல் நகர்ந்தது.

"வந்துட்டியா மந்திரி."

"வந்துட்டேன்பா."

அப்பாவின் மூச்சு. நீளமாக. சுமையை இறக்கி வைத்த மூச்சு. அதைக் கேட்டு, கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு, ஒரு கணம் அவனுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அது உண்மை. அதுதான் கொடுமை.

"இருட்டிடுச்சேடா. வீட்டுக்குப் போலாமா?"

மௌனம். அந்தக் குரலுக்கே உரிய, பொறுமையான மௌனம். இதற்கு மட்டும் வாக்குக் கொடுக்கக் கூடாது. அதற்கும் அது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருக்க வேண்டும்.

"போலாம்பா."

கதவைக் குத்தினான். தோளால் இடித்தான். "அப்பா! வேண்டாம்பா!"

மோட்டார் நின்றது.

அவ்வளவு நாள் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றதும் வீடே காது கேளாமல் போன மாதிரி ஆயிற்று. அந்த நிசப்தத்தில் மெத்தை மெல்ல வடிந்தது. கட்டில் முனகியது. பிறகு தரையில் ஏதோ பட்டது. மெத்தென்று. தயங்கி. இன்னொன்று.

தரையில் படுத்தான். கன்னத்தைத் தரையோடு அழுத்தினான். கதவுக்கு அடியில் விரற்கடை இடைவெளி. அதற்கு அந்தப் பக்கம், எங்கிருந்து என்று தெரியாத ஒரு மங்கல் வெளிச்சம்.

அப்பாவின் பாதங்கள். வெடித்த குதிகால்கள். நின்றுகொண்டிருந்தன.

பக்கத்தில் இன்னும் இரண்டு. வெறுங்கால்கள். இடது சுண்டுவிரல் உள்நோக்கி வளைந்திருந்தது. அவனுடையதைப் போலவே. அவனுடையதேதான்.

நான்கு கால்களும் திரும்பின. ஜன்னல் பக்கம் இல்லை. சுவர் பக்கம். நடந்தன. அப்பாவின் வேகத்துக்கு மற்றவை காத்திருந்து, காத்திருந்து.

சுவர் வரவேண்டிய இடம் வந்தது. சுவர் வரவில்லை. கால்கள் போய்க்கொண்டே இருந்தன. சின்னதாகிக்கொண்டே. இடைவெளி வழியாகக் காற்று அவன் முகத்தில் அடித்தது. திறந்த வெளியின் காற்று. புழுதி மணத்தது.

அப்பாவின் கால்கள் நின்றன. தூரத்திலிருந்து, கலக்கம் தெளிந்த, இளமையான குரலில் கேட்டார்.

"பின்னாடி யாரோ கதவைத் தட்டற மாதிரி இருக்கேடா. பாவம். யாருன்னு பாரேன்."

அவன் வாயைத் திறந்தான். அப்பா என்றான். சத்தம் வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னான். உதடுகள் அசைந்தன. காற்று மட்டும் போயிற்று.

அங்கே, அத்தனை தூரத்தில், அவன் குரல் கனிவாகச் சொன்னது.

"யாரும் இல்லப்பா."

கால்கள் மறுபடி நடந்தன. எறும்புகள் அளவுக்கு ஆயின. பிறகு அந்த அளவும் இல்லை. அவன் தரையில் கிடந்து, சத்தமில்லாத வாயைத் திறந்து திறந்து மூடியபடி, நாலு எட்டில் முடிந்துவிடுகிற அந்த அறைக்குள், வெகு தொலைவு வரை பார்த்துக்கொண்டிருந்தான்.